கவுன்சிலிங் போலாமா வேணாமா? ஏற்காட்டுல இருந்து வந்த ஒரு கடிதம்

மொபைல்லயே டைப் பண்ணின நீளமான கடிதம், ராத்திரி ரெண்டே முக்காலுக்கு அனுப்பியிருக்காங்க. ஆள் யாருன்னு தெரியாத மாதிரி சில விவரத்தை மாத்திட்டு சுருக்கமா சொல்றேன்.

அவங்களுக்கு 31 வயசு. சேர்வராயன் மலைல ஒரு காபி எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு பாக்குறாங்க. வீட்டுக்காரர் வேற எஸ்டேட்ல சூப்பர்வைசர், யூகேஜி படிக்கிற ஒரு பொண்ணு, கூட மாமியார். போன வருஷம் காபி பறிப்பு நடந்துட்டு இருந்த நேரத்துல அவங்க அப்பாவை சேலத்துல ஆஸ்பத்திரில சேத்திருக்காங்கன்னு போன் வந்துச்சு, லீவு சொல்லி பஸ் பிடிச்சு கீழ இறங்குறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. அதுல இருந்து தூக்கம் இல்ல. விடியக்காலம் மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது, பாத்ரூம்ல தண்ணிய திறந்துவிட்டுட்டு அழறாங்க. மாமியாரோட தூக்க மாத்திரைல பாதிய உடைச்சு ரெண்டு தடவ போட்டிருக்காங்க. ஒருநாள் சாப்பிட அடம்பிடிச்ச பொண்ணை கரண்டியாலயே அடிச்சுட்டாங்க, அந்த தழும்பை பாத்து பாத்து இன்னும் அழறாங்க. வீட்டுக்காரர் "எல்லாம் உன் நினைப்புதான், நாலு நாள் எங்கயாச்சும் போயிட்டு வந்தா சரியாயிடும்"ங்கறார், மாமியார் குலதெய்வத்துக்கு வேண்டுதல் பாக்கி இருக்குன்னு சொல்றாங்க.

கடைசில ரத்த டெஸ்ட் எடுக்கப்போறேன்னு வீட்ல பொய் சொல்லிட்டு சேலத்துல ஒரு கவுன்சிலரை போய் பாத்திருக்காங்க. அவர் ஒரு மணி நேரத்துல முக்கால்வாசி நேரம் தானே பேசினாராம், பாசிட்டிவா நினைங்க, இல்லன்னா அப்பா ஆன்மா சாந்தியாகாதுன்னு ஏதேதோ சொல்லிட்டு, பத்து சிட்டிங்குக்கு மொத்தமா அட்வான்ஸ் கட்டிட்டா தள்ளுபடின்னு முடிச்சிருக்கார். போனப்ப இருந்ததை விட கனமா திரும்பி வந்தேன்னு எழுதுறாங்க. இனிமே போகணுமா, போனா வெளிய தெரிஞ்சுடுமா, மாத்திரை குடுத்துடுவாங்களா, டீச்சர் வேலைக்கு பரீட்சை எழுதிட்டு இருக்கேன் அதுக்கு தடையாகுமா, நாளைக்கு வீட்டுக்காரர் இதையே காரணமா காட்டி விவாகரத்து கேட்டா என்ன பண்றது, குழந்தையை அடிச்சதை சொன்னா பொண்ணை பிரிச்சுடுவாங்களா. இவ்வளவு கேள்விக்கும் கீழ, நன்றி வணக்கம் எல்லாம் போட்ட பிறகு, ஒரே ஒரு வரி: "சில நாள் காலைல கண்ணே முழிக்காம இருந்தா நல்லா இருக்கும்னு தோணுது, ஆனா அது சும்மா."

முதல்ல அந்த கடைசி வரி

கண்ணு, மத்த கேள்விக்கெல்லாம் பதில் இருக்கு, நிதானமா சொல்றேன், ஆனா என்னால அந்த கடைசி வரியை தாண்டிட்டு வர முடியல. சும்மான்னு நீங்க எழுதினதையும் நம்புறேன், அது சும்மா வர்ற நினைப்பு கிடையாதுங்கறதும் எனக்கு தெரியும். ரொம்ப நாள் தூங்காத உடம்பும் அழுது அழுது ஓஞ்சுபோன மனசும் இந்த பாரத்தை யாராச்சும் இறக்கி வெச்சா போதும்னு கேக்குறது இந்த மாதிரிதான் வெளிய வரும். நிறைய பேருக்கு வருது. அது வந்ததுக்காக நீங்க கெட்ட அம்மாவும் இல்ல, பைத்தியமும் இல்ல. இதை சொன்னா போலீஸ் கேஸ் ஆகுமோன்னு பலர் பயப்படுறாங்க, அப்படி எதுவும் ஆகாது.

அந்த நினைப்பு "முழிக்காம இருந்தா"ங்கற இடத்துல இருந்து நகந்து, எப்படி, எப்பன்னு யோசிக்குற இடத்துக்கு போச்சுன்னா அன்னைக்கே, அந்த நிமிஷமே யார்கிட்டயாவது சொல்லிடணும். 14416ன்னு ஒரு நம்பர், டெலி மானஸ், மத்திய அரசு 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். ராத்திரி ரெண்டே முக்காலுக்கு எனக்கு கடிதம் எழுதின அதே நேரத்துக்கு அங்க ஒருத்தர் போனை எடுப்பாங்க. சென்னைல ஸ்நேகான்னு ஒரு அமைப்பு 1986ல இருந்து இதுக்காகவே இருக்கு, நம்பர் 044-24640050. ரெண்டையும் இப்பவே போன்ல சேவ் பண்ணிடுங்க, வேற பேர்ல வேணாலும் போட்டுக்கோங்க.

இன்னொரு விஷயம், நேராவே சொல்லிடறேன். எஸ்டேட் வீடுகள்ல தோட்டத்துக்கு வாங்கின பூச்சிமருந்து வீட்டுக்குள்ளயே ஒரு மூலைல கிடக்கும். அதை வீட்டுக்காரர்கிட்ட சொல்லி குடோன்ல பூட்டி வைக்க சொல்லுங்க, குழந்தை இருக்குற வீடுன்னு காரணம் சொன்னா போதும். மாமியாரோட மாத்திரை டப்பாவையும் அவங்ககிட்டயே பத்திரமா வெச்சுக்க சொல்லுங்க. மனசு ரொம்ப கீழ போற நேரம் பல சமயம் கொஞ்ச நேரம்தான் இருக்கும், அந்த நேரத்துல கைக்கெட்டுற தூரத்துல எதுவும் இல்லாம இருக்குறதே உயிரை காப்பாத்துது. காட்டுமன்னார்கோயில் பக்கத்து கிராமங்கள்ல பூச்சிமருந்தை பொது இடத்துல லாக்கர்ல பூட்டி வெச்சு பாத்ததே இந்த காரணத்துக்காகத்தான்.

அன்னைக்கு ஏன் கனமா திரும்புனீங்க

இதுல ரெண்டு கனம் கலந்து இருக்கு, பிரிச்சு பாக்கணும். ஒன்னு, ஒரு வருஷமா மூடி வெச்சதை முதல் தடவையா வாய்விட்டு சொன்னா அன்னைக்கு தலை வலிக்கும், உடம்பு அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கும், ராத்திரி அழுகை கூடும். நல்ல ஆள்கிட்ட போனாலும் இது நடக்கும், ரெண்டு மூணு நாள்ல அடங்கும், அதுக்காக பயந்து நிறுத்த வேண்டாம். இன்னொன்னு, நீங்க பேச போன இடத்துல உங்களை பேச விடல, அதோட உங்க அப்பாவை வெச்சே உங்களுக்கு குற்ற உணர்ச்சியும் ஏத்தி அனுப்பியிருக்காங்க. அந்த கனம் சிகிச்சைல வர்ற வலி கிடையாது. அந்த ஆள் சரியில்லன்னு உங்க மனசு சொன்னது சரிதான்.

நீங்க என்ன நினைச்சிருக்கீங்கன்னா, "எனக்கு கவுன்சிலிங்கே ஒத்துவரல போல." இதைத்தான் நான் மாத்திக்க சொல்றேன். ஒரு டெய்லர் அளவு தப்பா எடுத்தா இனிமே ஜாக்கெட்டே போடமாட்டேன்னு யாரும் சொல்றதில்ல. முதல் ரெண்டு மூணு சிட்டிங் அவங்க உங்களை தெரிஞ்சுக்கறதுக்கு மட்டும் இல்லைங்க, நீங்க அவங்களை எடை போட்டு பாக்குறதுக்கும்தான். நம்ம ஊர்ல டாக்டர்னா எதிர்ல வாயை திறக்க கூடாதுன்னு வளந்துட்டோம், அதனால இந்த அறைலயும் போய் கையை கட்டிட்டு உக்காந்துக்கறோம். இங்க கேள்வி கேக்குறது மரியாதை குறைவு ஆகாது. கேட்டா முகம் சுளிக்கிற ஆள்கிட்ட உங்க அப்பாவை பத்தி எப்படி பேசுவீங்க?

நானும் அந்த எதிர் நாற்காலில உக்காந்திருக்கேன். எங்கம்மா போனப்ப, வருஷக்கணக்கா இதே தொழில்ல இருந்த நானே, சேலத்துல யாராச்சும் பாத்துடுவாங்கன்னு பயந்து கோயமுத்தூர் போய் ஒருத்தரை பாத்தேன். முதல் ஆள் எனக்கு சரிப்படல, திரும்பி வர்ற பஸ்ஸெல்லாம் என்மேலதான் கோவம். ரெண்டாவதா பாத்தவங்க முதல் அரைமணி நேரம் ஒன்னுமே சொல்லாம நான் அழறதை பாத்துட்டு இருந்தாங்க, அவ்வளவுதான், அங்கயே தங்கிட்டேன்.

போர்டுல இருக்குற பேரும் படிச்ச படிப்பும்

சைக்கியாட்ரிஸ்ட்னா எம்பிபிஎஸ் முடிச்சுட்டு மனநலத்துல மேல்படிப்பு படிச்ச டாக்டர், மாத்திரை எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா சைக்காலஜி படிச்சு, அதுக்கு மேல ஆஸ்பத்திரில ரெண்டு வருஷம் பயிற்சியோட எம்.ஃபில் மாதிரி படிப்பு முடிச்சு ஆர்சிஐல, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல, பதிவு பண்ணவங்க. பேச்சு சிகிச்சை, மனநல பரிசோதனை எல்லாம் செய்வாங்க, மாத்திரை எழுதக்கூடாது. அப்போ உங்க "மாத்திரை குடுத்துடுவாங்களா"ங்கற பயத்துக்கு பாதி பதில் இங்கயே கிடைச்சிடுது.

கவுன்சிலர்ங்கற வார்த்தைலதான் சிக்கல். எம்எஸ்சி கவுன்சிலிங் சைக்காலஜியோ எம்எஸ்டபிள்யூவோ (சமூகப்பணி மேல்படிப்பு) முறையா படிச்சு, சீனியர்கிட்ட பயிற்சி எடுத்து ரொம்ப அருமையா வேலை செய்றவங்களும் அந்த பேர்லதான் இருக்காங்க, வார கடைசில ரெண்டு நாள் ஆன்லைன் கோர்ஸ் முடிச்சு சர்டிபிகேட்டை ஃபிரேம் போட்டு மாட்டினவங்களும் அதே பேர்லதான் இருக்காங்க. போர்டை பாத்து பிரிக்க முடியாது, கேட்டாத்தான் தெரியும்.

போன்லயே கேட்டுடுங்க

என்ன படிச்சிருக்கீங்க, ஆர்சிஐ நம்பர் இருக்கா, இல்லன்னா எங்க பயிற்சி எடுத்தீங்க. துக்கத்துல இருக்குறவங்களை பாத்த அனுபவம் இருக்கா. ஒரு சிட்டிங் எவ்வளவு நேரம் (பொதுவா 45, 50 நிமிஷம்), எவ்வளவு பணம், வரமுடியாம போனா கட்டணுமா, எத்தனை நாளுக்கு முன்னாடி சொல்லணும். நான் சொல்றதை யார்கிட்டயெல்லாம் சொல்லுவீங்க, எதை எழுதி வெப்பீங்க. தேவைப்பட்டா எந்த சைக்கியாட்ரிஸ்ட்கிட்ட அனுப்புவீங்க.

முதல் நாளே பத்து சிட்டிங் அட்வான்ஸ் கேட்டா கட்டாதீங்க. ஆளை பத்தியே முழுசா தெரியாம எத்தனை தடவை வேணும்னு யாராலயும் சொல்ல முடியாது. சிபிடி (நினைப்பையும் நடத்தையையும் மாத்திக்க பழக்குற பேச்சு சிகிச்சை) மாதிரி சில முறைகளுக்கு 12ல இருந்து 20 சிட்டிங் வரைக்கும்னு ஒரு கணக்கு உண்டு, அதுவும் போகப்போக மாறும். நாலஞ்சு தடவை ஆனதும் "நாம எதுக்காக பேசிட்டு இருக்கோம், எங்க வந்திருக்கோம்"னு உக்காந்து பாக்கணும், அவங்களா ஆரம்பிக்கலன்னா நீங்க கேளுங்க. இத்தனை நாள்ல குணமாயிடும்னு கேரண்டி குடுக்குறவங்க, ஜாதகம் பாத்துட்டு பேச ஆரம்பிக்கிறவங்க, உங்களுக்கு சொந்தக்காரங்களா இருக்குறவங்க, சிட்டிங் நேரம் போக ராத்திரில தனியா மெசேஜ் போடுறவங்க, தொடுறவங்க, இவங்க யாரும் வேண்டாம். கடைசி ரெண்டு நடந்தா யோசிக்கவே வேண்டாம், எழுந்து வந்துடுங்க.

முதல் சிட்டிங்ல அவங்க நிறைய கேப்பாங்க. தூக்கம், பசி, எடை, மாதவிடாய், வீட்ல யாருக்காவது முன்னாடி மனநல பிரச்சனை இருந்துச்சா, என்ன மாத்திரை போடுறீங்க, சாகணும்னு தோணுதா, இதெல்லாம் எல்லார்கிட்டயும் கேக்குறது. கடந்த ரெண்டு வாரத்தை வெச்சு ஒன்பது கேள்வி இருக்குற ஒரு தாளை குடுத்து டிக் பண்ண சொல்லலாம், அது பரீட்சை இல்ல. சொல்ல முடியாததுக்கு "இன்னைக்கு வேணாம்"னு சொல்லலாம்.

வெளிய தெரியுமா

2017ல வந்த மனநல பராமரிப்பு சட்டம், 2018 மே மாசத்துல இருந்து நடைமுறைல இருக்கு. அதோட 23வது பிரிவுபடி உங்க மனநலம், சிகிச்சை பத்தின தகவல் ரகசியமா இருக்கணும்ங்கறது உங்களோட உரிமை. நீங்க மேஜர், போறதுக்கு வீட்டுக்காரர் கையெழுத்து தேவையில்ல, அவர் போன் பண்ணி "என்ன சொன்னா"ன்னு கேட்டாலும் உங்க சம்மதம் இல்லாம சொல்லக்கூடாது. உங்க ரெக்கார்டை நீங்க கேட்டு வாங்கிப்பாக்கவும் உரிமை உண்டு.

ரகசியத்துக்கு எல்லையும் இருக்கு, அதை முதல் நாளே அவங்க உங்களுக்கு சொல்லணும். உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா, கோர்ட்டு உத்தரவு போட்டா, ஒரு குழந்தைக்கு பாலியல் கொடுமை நடக்குதுன்னு தெரிஞ்சா (போக்சோ சட்டப்படி தகவல் சொல்லியே ஆகணும்), அப்போ தேவையான அளவுக்கு மட்டும் வெளிய சொல்லுவாங்க. நீங்க பொண்ணை ஒருநாள் அடிச்சதை சொன்னா யாரும் குழந்தையை பிடுங்கிட்டு போக மாட்டாங்க. அடிக்கடி நடக்குதா, இப்போ குழந்தை எப்படி இருக்குன்னு கேப்பாங்க, கை ஓங்குறதுக்கு முந்தின அந்த ஒரு நிமிஷத்துல என்ன பண்றதுன்னு உங்களோட சேந்து யோசிப்பாங்க. அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம், அஞ்சு வயசு குழந்தைக்கு நல்லாவே புரியும், மடில உக்காரவெச்சு "அம்மா அடிச்சது தப்பு, உன்மேல தப்பில்ல"ன்னு சொல்லிடுங்க.

டீச்சர் பரீட்சை பயத்தை விட்டுடுங்க. கவுன்சிலிங் போனவங்க லிஸ்ட்னு தேர்வு நடத்துறவங்க கைக்கு போற எந்த பதிவேடும் கிடையாது. ஆஸ்பத்திரில ஆபா கார்டு, அதாவது மருத்துவ பதிவுகளை ஆன்லைன்ல சேக்குற மத்திய அரசோட சுகாதார கார்டு, கேட்டா அதுல சேக்குறதும் வேணாம்னு சொல்றதும் உங்க விருப்பம்தான்.

விவாகரத்து பயம், இது உங்களுக்கு மட்டும் இல்ல, என்கிட்ட வர்ற பெண்கள்ல நிறைய பேருக்கு இருக்கு. இந்து திருமண சட்டத்துல மனநோய் ஒரு காரணமா இருக்கறது உண்மை, ஆனா சேந்து வாழவே நியாயமா எதிர்பாக்க முடியாத அளவுக்கு இருக்குன்னு கோர்ட்ல நிரூபிக்கணும். நோயோட பேரை மட்டும் காட்டினா போதாது, அது எந்த அளவுக்கு இருக்குன்னு பாக்கணும்னு உச்ச நீதிமன்றம் 1988லயே ராம் நாராயண் குப்தா வழக்குல சொல்லிடுச்சு. அப்பா செத்த துக்கத்துக்கு ஆலோசனை கேட்டு போனது அந்த கணக்குல வராது. இதுக்கு மேல வீட்ல நிஜமாவே அந்த பேச்சு ஓடுதுன்னா சேலம் கோர்ட்ல இருக்குற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை பாருங்க, பெண்களுக்கு அங்க இலவசம். ஆனா உங்க கடிதத்தை நாலு தடவ படிச்சேன், உங்க வீட்டுக்காரர் என்ன செய்யறதுன்னு தெரியாம தவிக்குற மாதிரிதான் எனக்கு படுது. ரெண்டு மூணு சிட்டிங் ஆன பிறகு நீங்க விரும்பினா அவரை ஒருநாள் கூட்டிட்டு போகலாம், நீங்க விரும்பினா மட்டும்.

மாத்திரை, ரத்த டெஸ்ட், குலதெய்வம்

ரத்த டெஸ்ட்னு பொய் சொன்னீங்க இல்ல, அதை நிஜமாவே எடுத்துடுங்க. தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, சுகர். தைராய்டு குறைஞ்சாலும் ரத்தம் குறைஞ்சாலும் சோர்வு, அழுகை, எரிச்சல் எல்லாம் இதே மாதிரி வரும். அது தெரியாம மாசக்கணக்கா பேசிட்டே இருக்குறதுல அர்த்தமில்ல.

அடுத்தவங்க தூக்க மாத்திரையை இனி தொடாதீங்க. உடம்பு அதுக்கு பழகிக்கும், நாளாக நாளாக பாதி போதாது, அரை வருஷத்துல அதை நிறுத்துறதே தனி வைத்தியமாயிடும். சைக்கியாட்ரிஸ்ட் ஒருவேளை மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினா அது வேற வகை, அந்த மாதிரி அடிமையாக்காது, ஆனா வேலை செய்ய ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும், ஒருவாரத்துல ஒன்னும் தெரியலன்னு தூக்கி போடவும் கூடாது, நல்லா இருக்குன்னு நீங்களா நிறுத்தவும் கூடாது. நீங்க எழுதினதை வெச்சு, குறிப்பா அந்த கடைசி வரியை வெச்சு, பேச்சோட ஒரு தடவை சைக்கியாட்ரிஸ்டையும் பாத்துடறது நல்லதுன்னு நினைக்கறேன். நோய் பேரெல்லாம் கடிதத்தை வெச்சு நான் சொல்லமாட்டேன், சொல்றதும் தப்பு. அப்பாவுக்காக அழறது நோயும் இல்ல. வருஷம் தாண்டியும் அந்த துக்கம் உங்க தூக்கத்தையும் குழந்தையையும் பிடிச்சு இழுக்குதுங்கறதுதான் நான் பாக்குறது.

குலதெய்வ வேண்டுதலை தாராளமா செய்ங்க. கோயிலுக்கு போறதும் கவுன்சிலிங் போறதும் ஒன்னுக்கொன்னு எதிரி இல்ல. அப்பாவுக்கு கடைசியா சொல்ல முடியாம போனதை சாமி முன்னாடி நின்னு சொல்லி அழுதா அதுவும் ஒரு வடிகால்தான், உங்க மாமியாரும் அவங்களுக்கு தெரிஞ்ச வழில உங்களை தேத்த பாக்குறாங்கன்னு எடுத்துக்கோங்க.

மலைல இருந்து இறங்குறது

இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வாரா வாரம் வர்றது சுலபம் இல்லன்னு எனக்கு தெரியும், அதுவும் பறிப்பு நேரத்துல லீவு கிடைக்காது, ஞாயித்துக்கிழமைன்னா டூரிஸ்ட் வண்டி வரிசைல பாதி நாள் போயிடும். பணம்தான் தடைன்னா கலெக்டர் ஆபீஸ் பக்கத்துல இருக்குற மோகன் குமாரமங்கலம் அரசு ஆஸ்பத்திரில மனநல பிரிவு இருக்கு, காலைல ஓபி சீட்டு போட்டா போதும், காசு இல்ல. கூட்டம் இருக்கும், தனியா அரைமணி நேரம் பேச அன்னைக்கே கிடைக்காம போகலாம், அதுக்கு மனசை தயார் பண்ணிட்டு போங்க, ஆனா மருந்து தேவையான்னு பாக்க நல்ல இடம். யாராவது தெரிஞ்சவங்க பாத்தா? அது பெரியாஸ்பத்திரி, ஆயிரம் காரணத்துக்கு ஆயிரம் பேர் வர்ற இடம், உங்க ரத்த டெஸ்டும் அங்கயேதான்.

முதல் ரெண்டு தடவை நேர்ல பாத்துட்டு அப்புறம் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வீடியோல பேசலாமான்னு சைக்காலஜிஸ்ட்கிட்ட கேளுங்க, பல பேர் ஒத்துக்கறாங்க. ஆனா மாமியார் ஹால்ல டிவி பாக்குறப்ப நீங்க அடுத்த ரூம்ல கிசுகிசுன்னு பேசுறது பிரயோஜனப்படாது. சிக்னல் இருக்குற, காது இல்லாத இடம் வேணும். மதியம் சாப்பாட்டு நேரத்துல எஸ்டேட் ஆபீஸ் ரூமை ஒரு மணி நேரம் பூட்டிக்க முடியுமான்னு பாருங்க.

போறப்ப புதுசா எதுவும் தயார் பண்ண வேண்டாம். எனக்கு அனுப்பின கடிதத்தையே ஒரு ஜெராக்ஸ் கடைல பிரிண்ட் எடுத்து பைல வெச்சுக்கோங்க. உக்காந்ததும் வாய் வரலன்னா அதையே எடுத்து நீட்டுங்க, அவங்க படிக்கட்டும். வெக்கமா இருக்குன்னு அந்த கடைசி வரியை மட்டும் அடிச்சுடாதீங்க.